பிந்தி வரும் குரலுக்காக நிற்காதீர்கள்

போன சனிக்கிழமை மாலை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எங்கள் சர்ச் ஹோல். வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே எங்கள் தமிழ்ப் பாடகர் குழு நடுப்பாட்டில் நின்று போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறது. மறுபடியும்...

நின்றதற்குக் காரணம் என்ன தெரியுமா? மரியாதை.

குழுவை நடத்துகிற ரெஜினா டீச்சர், திருவிழாவுக்கு இந்த முறை ஒரு பரோக் பாடலை எடுத்திருந்தார். நகரத்து ஆங்கிலக் குழுக்களுக்கு மட்டும் உரியது என்று எல்லோரும் நினைக்கிற சங்கதி. தமிழ் வரிகளையும் அவரே எழுதினார். ஃபாதர் சம்மதித்தார் — நிபந்தனையோடு. அந்தச் சனிக்கிழமை மாலையே வந்து கேட்பார். பாட்டு முழுதாக ஓடாவிட்டால், வருஷா வருஷம் பாடுகிற பழைய பாட்டுத்தான்.

சிக்கல் இதுதான். மேல்குரல் பெண்கள் ஒரு மெட்டைத் தொடங்குவார்கள். அதே மெட்டைக் கீழ்க்குரல் பெண்கள் சற்றுப் பிந்தி எடுக்க வேண்டும். எடுத்தார்கள். உடனே மேல்குரல் நின்றது. எங்கள் சர்ச்சில் பின்வரிசை வாங்கில் இருப்பவர்கள் பாட்டில் பிந்தினால் முன்வரிசைக்காரர் காத்திருப்பார்கள். பால்குடி வயதிலேயே ஊறிய பழக்கம்.

"பின்னால வர்றவங்கள விட்டுட்டு எப்படி டீச்சர் போறது?" என்றார் மேல்குரலின் பிலோமினா அக்கா. நியாயமான கேள்வி.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். பேப்பரில் எழுதுகிறவர்தானே, நீங்களே சொல்லுங்கள் என்றார். விடுவேனா? எழுந்தேன்.

பரோக் என்பது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கிளம்பி, அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஓடிய இசை. அதன் அடியில் ஒரு கீழ்ச்சுருதி வரி ஓயாமல் நடக்கும் — பாலத்தின் மேல் என்ன நெரிசல் இருந்தாலும் அடியில் மகாவலி ஆறு போய்க்கொண்டே இருக்கிறதே, அப்படி. ஒரு பகுதிக்குப் பெரும்பாலும் ஒரே உணர்ச்சி. துக்கம் என்றால் கடைசி வரை துக்கம். சத்தம் மெல்ல மெல்லக் குறையாது. வீதி இரைச்சலிலிருந்து சர்ச்சுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினால் எப்படி? அப்படிச் சட்டென்று மாறும். எழுதிய சுரத்தைச் சுற்றிப் பாடகர் தாமே சின்னச் சின்ன அலங்காரங்களைக் கொடிபோலப் படர விடலாம்; நம் கமகத்துக்குத் தூரத்து உறவு. எல்லாவற்றுக்கும் மேலாக, பல குரல்கள், பல வழிகள், ஒரே நேரத்தில். யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை.

எல்லோரும் அழகாகத் தலையாட்டினார்கள். பாடினார்கள். அதே இடத்தில் நின்றார்கள்.

ஜன்னல் வழியே ஃபாதரின் கறுப்புக் குடை கேட்டுக்குள் வருவது தெரிந்தது. டீச்சர் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் பிலோமினா அக்காவின் தங்கை தெரேசா வாயைத் திறந்தார். இருவரும் குண்டசாலையில் ஒரே வீடு, குழுவிலும் ஒரே பக்கம். நீ நின்றதால்தான் நானும் நின்றேன் என்றார் தங்கை. நீ என்றைக்கு என் பேச்சைக் கேட்டாய் என்றார் அக்கா. போன கிறிஸ்மஸ் வந்தது, அவிந்தும் அவியாத சோறு வந்தது. ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கினார். முதலாமவரும் நிறுத்தவில்லை. வேடிக்கை என்னவென்றால், பேசிக்கொண்டே பதிலும் சொன்னார்கள். எங்களுக்கும் இரண்டும் தெளிவாகக் கேட்டன.

டீச்சர் கையை உயர்த்தினார் — நிறுத்த அல்ல.

"தெரேசா, நீங்க கீழ்க்குரலுக்குப் போங்க. இப்ப இதையே பாட்டுல காட்டுங்க. ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கப்படாது."

அக்கா தொடங்கினார். தங்கை பின்னால் ஏறினார். அக்கா நிற்பாரா? தங்கைக்காகவா? மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் நாங்கள் அடியில் நடந்தோம். மழை தகரக் கூரையில் தன் பங்கைச் செய்தது. பாட்டு கடைசி அடி வரை ஓடி, தானாக இறங்கி நின்றது.

வாசலில் ஃபாதர் குடையைக்கூட மடக்காமல் நின்றிருந்தார்.

"திருவிழாவுக்கு எத்தனை மைக் வேணும் டீச்சர்?"

காத்திருப்பதுதான் அன்பு என்று நாம் பழகிவிட்டோம். சில நேரம் நம் வழியை விடாமல் பிடித்தபடி அடுத்தவரின் வழிக்கும் காது கொடுப்பது அதைவிடப் பெரிய அன்பு. பரோக் அந்த நம்பிக்கையில் கட்டிய வீடு.

சகோதரிகள் இருவரும் குண்டசாலை பஸ்ஸில் ஒரே சீட்டில், இரண்டு குரலிலும் தொடர்ந்துகொண்டே போனார்கள் — பாட்டை அல்ல, சோற்றை.