தட்டுக்கு அடியில் செதில்

அடுத்தவருக்குச் சமைத்துப் போடுகிற வேலையில் அடுப்பு சுடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சாப்பாட்டு மேஜையிலிருந்து திரும்பி வருகிற தட்டைப் பார்க்கும்போதுதான் வயிறு கலங்கும். இதைப் படிக்கிற அக்கா தங்கைகளில் யாராவது பெரிய மனுஷர்கள் வீட்டிலோ ஓட்டலிலோ பரிமாறியிருந்தால், இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள்.

எனக்கு ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். எட்டாவது வரை படிப்பு. ஓசூரில் ஒரு கம்பெனிக்குச் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து மெஷின்கள் வந்தன. அவற்றை மாட்டிக் கொடுக்க நாலு இன்ஜினியர்களும் வந்தார்கள். அவர்களுக்காகக் கெஸ்ட் ஹவுஸையே பெங்களூர் பெரிய ஓட்டல் மாதிரி மாற்றினார்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜை, ஆளுக்கு மூன்று கரண்டி, ஒரு பதார்த்தம் தின்று முடித்தால்தான் அடுத்தது வரும். நான் அங்கே பரிமாறவும் பாத்திரம் கழுவவும் சேர்ந்தேன். வேலையோடு பின்பக்கத்தில் ஒரு அறை, வாசலிலேயே குழாய். மழை வந்தால் என் இரண்டு வயசு செல்வியைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை மாறிய எங்களுக்கு அந்த ஒழுகாத கூரைதான் பெரிசு. மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பாப்பேன். நடுவுல ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்தாலும் அன்னிக்கே ரூமைக் காலி பண்ணிடணும்மா."

குறுக்கே வைத்த கத்தி

மூன்றாம் நாள் மிலான் என்கிற பெரிய இன்ஜினியர் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் குறுக்கே வைத்துவிட்டுப் பக்கத்து ஆளோடு பேச ஆரம்பித்தார். பாதிக் கறி அப்படியே இருந்தது. ஐயையோ, பிடிக்கவில்லை போலிருக்கிறது, மேனேஜர் பார்ப்பதற்குள் எடுத்துவிடலாம் என்று தட்டைப் பிடித்தேன். அவரும் மறுபக்கத்தைப் பிடித்தார். நான் இழுக்க, அவர் இழுக்க, குழம்பு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விழுந்தது. அந்த ஒரு சொட்டில் என் பெட்டி படுக்கை வாசலில் கிடப்பது எனக்குத் தெரிந்தது.

மிலான் சிரித்துவிட்டார். எங்கள் தலைமைச் சமையல்காரர் முனியப்பா மாஸ்டர் என்னை உள்ளே இழுத்துப் போனார். பெங்களூர்க்காரர், கன்னடம் கலந்துதான் பேசுவார். "பேடம்மா, பேடா! எடுக்காதே! குறுக்க வெச்சா இன்னும் தின்னுவாங்க, பக்கத்துல பக்கத்துல வெச்சாதான் முடிஞ்சுது. இன்னொரு தடவை இப்படி இழுத்தே, அப்புறம் நீ உன் இலையை மடிச்சுக்க வேண்டியதுதான்!"

கழுத்துக் கயிறு

மிலானின் மனைவி ஹானா அம்மா ஒருநாள் சமையலறைக்கே வந்து, அவர்கள் ஊர்க் கொழுக்கட்டை செய்து காட்டினாள். மைதா, முட்டை, பால், காய்ந்த ரொட்டித் துண்டு எல்லாம் சேர்த்துப் பிசைந்து, என் முழங்கை நீளத்துக்கு உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். வெந்ததும் நான் கத்தியை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, இரண்டு கை விரல்களாலும் காற்றில் எதையோ சுற்றி இறுக்கிக் காட்டினாள். பிறகு நேராக என் கழுத்தைக் கைகாட்டினாள்.

கழுத்தில் என் தாலிக் கயிறு. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். என்ன தப்பு செய்தேன், எதற்கு இப்படிக் கேட்கிறாள் என்று கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அவளுக்கு வேண்டியிருந்தது வெறும் நூல். டீக்கடையில் அவித்த முட்டையை அறுப்பார்களே, அதே மாதிரி அந்தக் கொழுக்கட்டைக்கு அடியில் நூலைக் கொடுத்து, மேலே குறுக்காக இழுத்து அறுப்பது அவர்கள் வழக்கமாம். கத்தி வைத்தால் நசுங்கிவிடும். இது புரிந்ததும் மாஸ்டர் சொன்னார்: "கழுத்தை விடும்மா, தையல் நூல் எங்க வெச்சிருக்கே?"

தொட்டியில் ஒரு சத்தம்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் மிலானின் குளியலறையைக் கழுவப் போனேன். கதவைத் திறந்ததும் குளியல் தொட்டிக்குள் 'தொபுக்' என்று ஒரு அடி. பாம்புதான் என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பாம்பு இல்லை. கிருஷ்ணகிரி அணையிலிருந்து உயிரோடு கொண்டு வரச் சொன்ன மூன்று பெரிய கெண்டை. பண்டிகை வரை அவற்றைத் தொட்டியில் நீந்த விடுவார்களாம். மீன் கொண்டுவந்த காதர் பாய்க்கும் அது புதுசு. வாசலில் நின்று கேட்டார்: "அப்ப ரெண்டு நாளைக்கு இவங்க எங்க குளிப்பாங்க தங்கச்சி?"

எட்டுத் தட்டு

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் பெங்களூரிலிருந்து டைரக்டரும் அவர் மனைவியும் விருந்துக்கு வந்தார்கள். மேனேஜரையும் சேர்த்து எட்டுப் பேர். தட்டெல்லாம் மூன்று முறை கழுவித் துடைத்து நானே அடுக்கியிருந்தேன். ஹானா அம்மா மேஜையை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனாள். துணியில் ஒரு சுருக்கம் தெரிகிறதே என்று டைரக்டரின் தட்டைத் தூக்கினேன். அடியில் ஒரு மீன் செதில்!

அடுத்த தட்டைத் தூக்கினேன், அங்கும் ஒன்று. மேனேஜர் தட்டுக்கு அடியிலும்கூட. வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம். எட்டுச் செதிலையும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு ஓரமாக நின்றேன்.

மீன் சூப் முடிந்து கிண்ணங்களை எடுத்ததும் ஹானா அம்மா ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கினார்கள். ஒன்றும் இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. மிலான் மேனேஜரிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டார். மேனேஜர் சமையலறைப் பக்கம் திரும்பி, "அடியில இருந்ததை யாரு எடுத்தது?" என்றார். சமையலறையிலிருந்து போகிற எல்லாவற்றுக்கும் மாஸ்டர்தான் பொறுப்பு. சொன்னால் என் அறை போகும், சொல்லாவிட்டால் அவர் வேலை போகும். முந்தானையை அவிழ்த்து வெள்ளைத் துணிமேல் கொட்டினேன். "ஐயா, எம் பொண்ணு சத்தியமா தட்டை நல்லாத்தான் கழுவினேன். இது எப்படி ஒட்டுச்சுன்னு தெரியல."

மேனேஜர் அதை இங்கிலீஷில் சொன்னதும் ஹானா அம்மா எழுந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என் உள்ளங்கையை விரித்து இரண்டு செதிலை வைத்து மூடினாள், ஒன்று எனக்கு, ஒன்று செல்விக்கு. பண்டிகைக் கெண்டையின் செதிலைப் பணப்பையில் வைத்தால் வருஷம் முழுக்கக் கை காயாது என்பது அவர்கள் நம்பிக்கையாம். அதனால் அவளே ஒவ்வொருவருக்கும் வைத்திருக்கிறாள். டைரக்டர் தன் பங்குக்கு ஒன்றைப் பர்ஸில் போட்டுக்கொண்டு, நான் சேர்ந்து எத்தனை நாள் என்று கேட்டார். மேனேஜர் ரெண்டரை மாசம், டெம்பரவரிதான் என்றார். டைரக்டர் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: "தட்டுக்கு அடியிலயும் பாக்குற ஆளை எதுக்குய்யா டெம்பரவரியா வெச்சிருக்கீங்க?"

அந்த இரண்டு செதிலும் இன்னும் என் சுருக்குப் பையில்தான் இருக்கின்றன, கை காயவில்லை, கூரையும் ஒழுகவில்லை, ஆனால் எந்தத் தட்டாவது பாதியோடு திரும்பி வந்தால் மட்டும் என் வயிறு இன்றைக்கும் டெம்பரவரிதான்.