ரீபோர் செய்த எஞ்சினும் ஏழு மைல் தூரமும்

புதிதாக ரீபோர் செய்த எஞ்சின் முதன்முதலில் சூடேறும்போது ஒரு மணம் வரும். புது எண்ணெயும் சுட்ட இரும்பும் கலந்த, கொஞ்சம் இனிப்பான மணம்...

எழுபதுகளின் தொடக்கம். நல்லூரில் குணம் அண்ணையின் கராஜுக்கு முன்னால் அந்த மணத்தை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு நின்ற எனக்கு வயது இருபத்தாறு. கந்தோரில் கிளாக்கர் வேலை.

மோட்டார் சைக்கிள் என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் இளையது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு அப்போதிக்கரியிடம் அறுநூறு ரூபாவுக்கு வாங்கினேன். மூன்றாம் மாதமே நீலப் புகை தள்ளத் தொடங்கிவிட்டது.

குணம் அண்ணை எஞ்சினைக் கழற்றிக் காட்டினார். "உதுக்குள்ளை விரலை விட்டுத் தடவிப் பாரும் தம்பி. தேய்ஞ்சு படி விழுந்து கிடக்கு."

சிலிண்டரைக் கடைய வேண்டும், அதுதான் ரீபோர். அதற்கேற்ற பெரிய பிஸ்டன், ரிங், கூலி... எல்லாமாக முந்நூற்று நாற்பது ரூபா. வாங்கிய விலையில் பாதிக்கு மேல்! ஒரு கிழமை யோசித்தேன். யோசிக்காமல் ஒரு சேர்ட்கூட வாங்கத் தெரியாதவன் நான்.

ஆனால் உண்மையான சிக்கல் காசல்ல, பிஸ்டன்தான். இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. வெங்காய லொறிச் சாரதி ஒருவர் கொழும்பில் பழைய சாமான் கடைகளெல்லாம் ஏறி இறங்கி, ஆறு கிழமைக்குப் பிறகு ஒரேயொரு பிஸ்டனைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்.

எஞ்சினைப் பூட்டிக் கொடுத்தபோது குணம் அண்ணை விரலை நீட்டிச் சொன்னார். "ஐந்நூறு மைல் ஓடுமட்டும் இருபத்தைஞ்சுக்கு மேலை போகப்படாது. போனீரெண்டால் பிஸ்டன் இறுகிப் பிடிச்சுப் போடும். பிறகு என்னட்டை வராதையும். இன்னொரு பிஸ்டனுக்கு நான் எங்கை போறது?"

நான் இருபத்தைந்திலும் ஓடவில்லை. மீற்றர் பிழையாகக் காட்டினால் என்ன செய்வது என்று பதினைந்திலேயே ஓடினேன். ஒருநாள் சோழகக் காற்று முதுகில் தள்ள, வாழைக்குலை கட்டிய சைக்கிளில் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார். போகிறபோக்கில், "தம்பி, இறங்கித் தள்ளிவிடட்டோ?" என்று கேட்டார்.

அப்படியே நூற்றெண்பது மைல் ஓடியிருப்பேன். அப்போதுதான் அந்த மாலை வந்தது.

என் தங்கை சரோவுக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு, மறுநாள் காலை கொழும்பில். மூலச் சான்றிதழ் இல்லாதவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று கடிதத்திலேயே அச்சடித்திருந்தது. பயணச் சாமான்களுக்குப் பட்டியல் எழுதியவன் நான். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி போட்டவனும் நான்.

புறப்படுமுன் சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த பிள்ளையார் கோயிலில் ஒரு அர்ச்சனை. பிறகு அப்பாவும் சரோவும் வாடகைக் காரில் ஏறினார்கள். வழியனுப்பச் சித்தப்பா குடும்பமும் ஏறிவிட்டதால் எனக்கு இடமில்லை. வீட்டு வாசலில் நின்று கைகாட்டினேன்.

சிறிது நேரத்தில் கோயில் ஐயர் சைக்கிளில் பறந்து வந்தார். வியர்வையில் திருநீறு கரைந்து வழிந்தது. கையில் சான்றிதழ் கோவை!

"தம்பி, தங்கச்சி உதைச் சாமியின்ரை காலடியிலேயே விட்டிட்டுப் போட்டா!"

அர்ச்சனைக்கென்று காலடியில் வைக்கக் கொடுத்தோம். பிரசாதத்தை வாங்கினோம், கோவையை வாங்கவில்லை. நானோ 'சான்றிதழ்' என்பதற்கு நேரே கோயிலுக்குப் போகுமுன்பே சரி போட்டுவிட்டேன்...

மணிக்கூட்டைப் பார்த்தேன். ரயில் புறப்பட இன்னும் பன்னிரண்டு நிமிடம். புகையிரத நிலையம் ஏழு மைல். இருபத்தைந்தில் போனால் பதினேழு நிமிடம் வேண்டும். கணக்கை இரண்டாம் தரமும் போட்டேன். விடை மாறவில்லை.

"நிண்டு யோசியாதையும், எடும்!" என்று ஐயர் கத்தினார்.

எடுத்தேன்.

மானிப்பாய் வருமுன்பே முப்பத்தைந்து. எஞ்சின் இறுகினால் உடனே பிடிக்கக் கிளச்சின்மேல் இரண்டு விரல். சத்தம் மாறுகிறதா, மாறுகிறதா என்று காது முழுக்க எஞ்சினுக்குள். நாற்பது... ஆனைக்கோட்டையில் நாற்பத்தைந்து! கண்ணில் நீர் கோக்கிறது. சேர்ட் முதுகில் பந்தாக ஊதுகிறது. எஞ்சினோ இறுகவில்லை, பாடுகிறது!

பிளாட்பாரத்துக்குள் டிக்கற் இல்லாமல் ஓடினேன். வாசலில் நின்றவர், "ஐசே! டிக்கற்!" என்று பின்னால் கத்தியது கேட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் சட்டமீறல் அது.

ரயில் அசையத் தொடங்கியிருந்தது. யன்னலில் சரோ.

"ஏன் அண்ணை ஓடி வாறியள்? வழியனுப்பவோ?" என்று சிரித்தாள். அவளுக்கு அதுவரை எதுவுமே தெரியாது! கோவையை யன்னலுக்குள் திணித்தேன். அவளுடைய முகம் மாறியதைப் பார்ப்பதற்குள் பெட்டி கடந்துபோய்விட்டது.

மறுநாள் குற்றவாளியைப்போல் குணம் அண்ணைக்கு முன்னால் போய் நின்றேன்.

"எவ்வளவிலை ஓடினனீர்?"

"நாப்பத்தைஞ்சு..."

அவர் கையிலிருந்த நட்டுக் கழற்றும் சாவியை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒண்டும் ஆகாது தம்பி. நான் எல்லாருக்கும் இருபத்தைஞ்செண்டுதான் சொல்லுறனான். கேட்டிட்டு நாப்பதிலை ஓடுவினம் எண்டு எனக்குத் தெரியும். சொன்னதைச் சொன்னபடி கேட்ட முதல் ஆள் நீர்தான்!"

ஆனாலும் மிச்ச மைல்களை நான் இருபத்தைந்தைத் தாண்டாமலே ஓட்டினேன். அவர் இப்போது சொல்வதுதான் உண்மை என்பதற்கு என்ன உறுதி?

இன்று சான்றிதழ்கள் எல்லாம் தொலைபேசிக்குள்ளேயே பயணம் போகின்றன. எதையும் கொண்டு யாரும் ரயிலைத் துரத்த வேண்டியதில்லை. மகனின் காரில் அறுபது மைல் வேகத்தில் போகும்போது நான் நித்திரையாகிவிடுகிறேன்.

சரோ மேட்ரனாகி ஓய்வும் பெற்றுவிட்டாள். "அண்ணை எனக்காகத் தன்ரை எஞ்சினையே பணயம் வைச்சவர்" என்று இன்றைக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன் நண்பர்களே... ஆனைக்கோட்டையைத் தாண்டிய பிறகு எனக்குச் சான்றிதழ் ஞாபகமே இருக்கவில்லை.