ராஜாத்தி அக்கா சாமியிடம் வாங்கிய வாய்தா

ராஜாத்தி அக்கா இறந்துவிட்டார். காலையில் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் வந்தது.

உத்தமபாளையத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது பக்கத்து மேஜையில் டைப் அடித்தவர். டைப் அடித்த நேரத்தைவிடக் கட்சிக்காரர்களைத் திட்டிய நேரம்தான் அதிகம்.

"வாய்தாவுக்கு வாய்தா சட்டைய மட்டும் மாத்திட்டு வாரீக, பத்திரத்தக் கொண்டுவாரீகளா?" என்பார். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

இடையில் கேன்சர் வந்தது. மதுரையில் ஊசி... முடி முழுக்கக் கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டுதான் ஆபீசுக்குத் திரும்பினார்.

ஒரு நாள் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார். கிளியர். ஒன்றுமே இல்லை. வக்கீல் சார் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கி வரச் சொன்னார். அக்கா மட்டும் அதைத் தொடவில்லை.

டாக்டர் சொன்னது இதுதான். இப்போது எதுவும் தெரியவில்லை, ஆனாலும் இன்னும் சில மாதம் ஊசி போட்டால் திரும்பி வரும் வாய்ப்பு குறையும். உடம்பு தாங்குவதையும் பார்க்க வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். போட்டே ஆக வேண்டும் என்றார். மாமியார் பேச்சியம்மாளுக்கு வேறு கவலை. மருமகள் பிழைத்தால் அவள் முடியை இறக்குவதாகக் குலசாமிக்கு நேர்ந்திருந்தார். அந்தக் கடனை நிறுத்தி வைக்கக் கூடாது என்றார்.

இறக்கத் தலையில் முடி வேண்டும். முடி வளர ஊசியை நிறுத்த வேண்டும். அக்கா பாடு, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

உங்களுக்குப் பதிலாக உங்கள் வீட்டுக்கார அண்ணன் மொட்டை போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "அவுக தலையில என்னடா இருக்கு, சாமிக்குக் குடுக்க?" என்று சிரித்தார். அண்ணன் கல்யாணத்தன்றே பாதி வழுக்கையாம்.

பிறகு டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு, "ஏலே, நீ சொல்லு. போடவா, விடவா?" என்றார்.

போடுங்கக்கா என்றேன். வேறு என்ன சொல்வது...

கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார்.

"சாமிக்காகன்னு வீட்ல சொல்லிட்டேன். அத்தைக்கு ஒரே சந்தோசம். சாமி காரியம்னதும் அவுகளும் வாயத் திறக்கல. ஆனா அதுக்காக இல்லடா. எதை வாயில வச்சாலும் இரும்ப நக்குன மாதிரி இருக்கு. கருவாட்டுக் கொழம்புகூட. எனக்குச் சோறு ருசிக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கருவாட்டுக் குழம்புக்காகவா...

ருசி வந்தது. முடியும் வந்தது. முன்பு நேராகத் தொங்கிய முடி, இப்போது சுருள் சுருளாக. அக்காவுக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. போகும்போதும் வரும்போதும் பீரோ கண்ணாடியில் ஒரு பார்வை.

மாமியார் கோயிலுக்கு நாள் குறிக்கும்போதெல்லாம் ஒரு காரணம் வைத்திருப்பார். மழை, பங்காளி வீட்டுத் தீட்டு, சார் லீவு தரவில்லை. (சார் எப்போதும் தருவார்.)

"சாமிகிட்ட வாய்தா வாங்கியிருக்கேன். எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை இல்லையாம்" என்றார் என்னிடம்.

இரண்டு வருடம் நன்றாக இருந்தார். நானும் வேலை மாறி தேனிக்கு வந்துவிட்டேன்.

பிறகு திரும்பி வந்தது. இந்த முறை உடம்பு ஊசியைத் தாங்காது என்று டாக்டரே சொல்லிவிட்டார். வலிக்கு மட்டும் மருந்து.

ஊசியை நிறுத்தியதால் வந்தது என்றார் வீட்டுக்காரர். முடியைக் கொடுக்காததால் வந்தது என்றார் மாமியார். ஒரே வீட்டில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். "ரெண்டு பேரும் நாந்தான் சரின்னு நிப்பாக. நின்னுட்டுப் போறாக. நான் நல்லாச் சாப்ட்டேன்டா" என்றார்.

இன்று மதியம் வீட்டுக்குப் போனேன். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவைத்திருந்தார்கள். சொந்தக்காரப் பெண் ஒருவர் கத்தரிக்கோலோடு பேச்சியம்மாளிடம் வந்தார். "சாமிக்கு நேர்ந்த முடி அத்தை. ஒரு கொத்தாச்சும் வெட்டி எடுத்து வச்சிருவோம். கடன் நிக்கக்கூடாது."

பேச்சியம்மாள் கத்தரிக்கோலை வாங்கிக் கீழே வைத்தார்.

"வேணாம்த்தா. அவளுக்குப் பிடிச்சுப்போச்சு. அவளே வச்சுக்கிரட்டும். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து அம்மாவை உட்காரவைத்தார்.

சாயங்காலம் எடுத்தார்கள்.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. யாரிடமும் சொல்லாமல்தான் பஸ் ஏறினேன்.

இங்கே, எழுத்தில் சொல்லலாம்தானே...

வர்றேன்க்கா.