மலைப்பாம்புக்குத் தீன் போட்ட பவளம் அக்கா

பவளம் அக்கா இறந்துவிட்டாராம். சற்றுமுன் அவருடைய மகள் மெசேஜ் போட்டிருந்தாள். வாசித்ததும் அந்தப் பின் அறைப் பயம்தான் முதலில் வந்தது...

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில் மோர்னிங்சைட் பக்கம் ஒரு பெட் ஷொப்பில் இருவரும் வேலை செய்தோம். முயல், கிளி, மீன் எல்லாம் பரவாயில்லை. பின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது அடி மலைப்பாம்பு.

பாம்பைப் படத்தில் பார்த்தாலே பக்கத்தைப் புரட்டிவிடுவேன். ஆனால் ஊரிலிருந்து அம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட வேலைக் கடிதம் வேண்டும். முறை வரும்போது தீன் போடாவிட்டால் வேலை இல்லை என்று மனேஜர் சொல்லிவிட்டார்.

அக்கா ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். ஃப்ரீசர் எலியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு இளக்க வேண்டும். நீள இடுக்கியால்தான் நீட்ட வேண்டும். தனியே ஒருநாளும் பெட்டியைத் திறக்கக் கூடாது.

"பிள்ளை, முதல்ல கையை சோப் போட்டுக் கழுவும். இறைச்சி மணம் பிடிச்சுதெண்டா உம்மட கையையும் தீனெண்டுதான் நினைக்கும்."

ஒருநாள் லஞ்சுக்குச் சோறும் கோழிக்கறியும். அவசரத்தில் கையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கத் தனியே போனேன். கையை விட்டதுதான் தெரியும்...

மணிக்கட்டில் பல். முழங்கை வரை சுற்று. எப்படியோ கத்தியிருக்கிறேன், அக்கா ஓடி வந்தார்.

"இழுக்காதையும். இழுத்தா சதை கிழியும். என்னைப் பாரும்."

அதன் தலையில் குளிர்தண்ணீர் ஊற்றினார். அது வாயை விட்டதும், வால் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

எனக்குக் கட்டுப் போட்டுவிட்டு வோஷ்ரூமுக்குப் போனவர் வரவில்லை. போய்ப் பார்த்தால் வாந்தி எடுத்துவிட்டுத் தரையில் குந்தியிருக்கிறார்.

"எனக்கும் உந்தப் பாம்பைக் கண்டா ஆகாது, பிள்ளை. வந்த நாள்ல இருந்து பயம்தான். மனேஜரிட்டச் சொல்லிப்போடாதையும்."

அடுத்த தீனுக்கு என் முறை. பூட்டைத் தொடவே முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

அக்கா என் கையிலிருந்த இடுக்கியை வாங்கினார். "நீர் கதவடியில நிண்டு மனேஜர் வாறாரோ எண்டு பாரும்."

அம்மா கனடா வந்து சேரும்வரை என் முறைத் தீனையெல்லாம் அவர்தான் போட்டார். ஒவ்வொரு முறையும் இடுக்கி நடுங்கும். நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். "இண்டைக்கு நான் போடுறன்" என்று ஒருநாள்கூட என் வாயில் வரவில்லை, அக்கா.

நாளைக்கு உங்கட முகத்தைக் கடைசியாப் பாக்க வாறன். அம்மாவும் வாறா.