முச்சலிக்காவுக்கு நான் சொன்ன அர்த்தம்

உட்கார முடிவதில்லை. பெர்ன்ஹில் மேட்டிலிருந்து இறங்கி, ஒரு காரியமும் இல்லாமல் கடைவரை போய்த் திரும்புகிறேன். வந்ததும் மறுபடி செருப்பை மாட்டுகிறேன். வயசானால் இப்படித்தான் என்கிறான் மகன். வயசு காரணமல்ல.

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டுகள் ஆள் குறைத்த வருஷங்களில் ஊட்டியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். பி.ஏ. படித்தவன். கோர்ட்டுச் சொற்கள் எந்தப் பாஷையிலிருந்து வந்தன என்று தேடிப் படிப்பது என் பைத்தியம். தாவா, ஜப்தி, ஆஜர் எல்லாம் அரபு. ஜப்திக்கு வருகிற அமீனா என்றால் நம்பத் தகுந்தவன். டீக்கடையில் இதைச் சொன்னால் நாலு பேர் வாயைப் பிளப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு அம்மாள் எங்கள் கட்சிக்காரராக வந்தார். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம், கணவர் இல்லை. வேலை நின்றுவிட்டதால், எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் தாவா போட்டிருந்தது. அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

எதிர்த்தரப்பு ராஜிக்கு வந்தது. கொழுந்து சீசன் முடியும்வரை இருக்கலாம். பிறகு தானாகவே வெளியேறுவதாக முச்சலிக்கா எழுதித் தரவேண்டும். கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்டி ரேகை வாங்குவது குமாஸ்தாவின் வேலை. கோர்ட்டு வராந்தாவில் ஒரே மூச்சில் வாசித்தேன். ‘தாவா சொத்தின் சுவாதீனத்தை ஒப்படைக்க முச்சலிக்கா’ என்று போயிற்று அது. வீடு என்றோ காலி என்றோ ஒரு சொல் அதில் இல்லை.

அவர் ஒன்றுதான் கேட்டார். “முச்சலிக்கான்னா என்னங்க ஐயா?”

“அது துருக்கிக்காரன் பாஷைம்மா. அங்கேயிருந்து பாரசீகம் போயி, அப்புறம் நம்ம ஊருக்கு வந்துச்சு.”

“அப்ப அதுவும் எங்கள மாதிரி கப்பலேறி வந்ததுதானா?”

வராந்தாவே சிரித்தது. “பாத்துக்கங்க, அதுவும் லயத்துல ரூம் கேக்கும்” என்றார் இன்னொரு குமாஸ்தா. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மை தடவி அவர் விரலை அழுத்தினேன். அவசரம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அர்த்தம் சொல்லியிருந்தால் அவர் கையை இழுத்துக்கொண்டிருப்பார். அது எனக்குத் தெரியும்.

சீசன் முடிந்தது. வீட்டைக் காலி செய்விக்க அமீனா போகும் நாள் குறித்தாயிற்று என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விளங்காமல் ரேகை வைத்தார் என்று மனுப் போட்டு நிறுத்தப் பார்க்கலாம் என்றேன். வக்கீல் முணுமுணுத்தபடி சம்மதித்தார். மனுவோடு லயத்துக்கு ஓடினேன். இந்த முறை வரிக்கு வரி அர்த்தம் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். டீ கொடுத்தார்.

“நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க போல. ஆனா இனி எதுலயும் நான் வெரல் வைக்க மாட்டேங்க ஐயா.”

கெஞ்சினேன். பக்கத்து வீட்டார் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.

மறுநாள் அமீனாவோடு போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. அறையைப் பெருக்கியிருந்தார்கள். அடுப்பில் சாம்பல்கூட இல்லை. வழக்கப்படி வாசலில் நின்று, உள்ளே பார்த்து, உத்தரவை உரக்க வாசித்தார் அமீனா. சாட்சிக் கையெழுத்துப் போட லயத்தில் யாரும் முன்வரவில்லை. நான் போட்டேன்.