மச்சாளுக்கு விழுந்த மூன்றாம் பரிசு

படகை ஓட்டிவந்த பெண் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, எல்லோரும் கைபேசிகளை அணைத்துவிடும்படி பிரெஞ்சில் சொன்னபோது என்னுடையது மடியில் அதிர்ந்துகொண்டிருந்தது. அழைத்தவர் என் கணவர். அன்று பகலிலிருந்தே அவர் ஓயாமல் அழைத்துக்கொண்டேயிருந்தார். பக்கத்தில் அமர்ந்திருந்த மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, கையை நீட்டி அந்தத் திரையை மூடினார். "எடுக்காதையும் பிள்ளை. அவன் பாத்துக்கொள்ளுவான்," என்றார். நான் அணைத்தேன். படகில் இருந்த மற்ற ஏழெட்டுப் பேரும் ஒவ்வொருவராக அணைத்தார்கள். எதிரே இருந்தவர்களின் முகங்கள் முதலில் மறைந்தன. பிறகு கரை மறைந்தது. பிறகு ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாமல் போயிற்று. வட ஒளியை, அதாவது வடக்கு வானில் இரவில் அசையும் அரோரா வெளிச்சத்தை, பார்க்க வந்திருந்தோம். அப்போது வானத்தில் நட்சத்திரங்களைத் தவிர ஒன்றும் இல்லை.

மச்சாள் மன்னாரில் கடற்தொழில் செய்த ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளை. தகப்பனுக்குச் சொந்த வள்ளம் இருந்தது. ஆனால் அவர்களுடைய கரையில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. மீன் வந்து இறங்கிய பிறகுதான் பெண்களுக்கு வேலை தொடங்கும். கடலைப் பார்த்தபடியே வளர்ந்த அந்தப் பெண், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மொன்றியலிலிருந்து பல மணி நேரம் வடக்கே வந்து, உப்பில்லாத ஒரு ஏரியில்தான் முதன்முதலாகப் படகில் கால் வைத்தார். ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கண்டா ஏசுவார்," என்று சிரித்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கையைத் தண்ணீருக்குள் விட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் எங்களுக்கு மேலும் கீழுமாக இரண்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம். மேல் வீட்டில் நானும் கணவரும் பிள்ளைகளும். கீழ் வீட்டில் மாமியும், அதாவது கணவரின் அம்மாவும், மச்சாளும். மாமிக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறும். மச்சாள் விடியற்காலையில் எழும்பி மாமியைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் உள்ள குழந்தைகள் காப்பகத்துக்கு வேலைக்குப் போவார். பகலில் அரசாங்கம் அனுப்பும் ஒரு பெண் சில மணி நேரம் வந்து போவாள். பின்னேரம் மச்சாள் திரும்பி வந்ததும் மீண்டும் மாமிதான். காப்பகத்தில் இருபது வருடம் சின்னப் பிள்ளைகளோடு பேசிப் பேசி, மச்சாளுடைய பிரெஞ்சு எங்கள் எல்லோருடையதையும் விட நன்றாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் எந்த அரசாங்கக் கடிதத்தையும் அவரிடம்தான் கொடுப்போம். ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவேண்டும், ஒரு வார இறுதியில் ரொறொன்ரோவுக்குப் போகவேண்டும் என்றால் நாங்கள் யோசித்ததே இல்லை. "மச்சாள் இருக்கிறாதானே" என்பதோடு எங்கள் வீட்டில் பேச்சு முடிந்துவிடும். அவர் எங்கே போக விரும்புவார் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்காமல் விட்டது கொடுமையால் அல்ல. ஒருவர் எப்போதும் இருந்த இடத்திலேயே இருந்தால், அந்த இடத்தில் இருப்பதுதான் அவருடைய விருப்பம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பயணம் எங்கள் மாதா கோயில் அதிர்ஷ்டச் சீட்டில் விழுந்தது. எங்கள் பங்கில் இலையுதிர் காலத்து மதிய விருந்துக்குப் பிறகு வழக்கமாகச் சீட்டுக் குலுக்குவார்கள். முதல் பரிசு ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டி, இரண்டாவது ஒரு கிரைண்டர். மூன்றாம் பரிசைப் பயண முகவராக இருக்கும் பங்குக்காரர் ஒருவர் கொடுத்திருந்தார்: வடக்கே ஓர் ஏரியில், ஒரு சிறு குழுவோடு, மாலைப் படகில் போய் வட ஒளி பார்ப்பதற்கு இரண்டு பேருக்கு அனுமதி, ஓர் இரவு தங்குமிடம். மச்சாளின் இலக்கம் வாசிக்கப்பட்டதும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "ஐயோ, கிரைண்டர் விழுந்திருந்தாலும் தோசைக்கு உதவியிருக்கும்," என்று அனுதாபப்பட்டார். கிரைண்டர் கிடைத்தவர் மாற்றிக்கொள்ளக்கூடத் தயாராக இருந்தார். மச்சாள் சிரித்துக்கொண்டே அந்த உறையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினார். வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னபோது, "அரோராவோ? அது ஆர் பிள்ளை?" என்று மாமி கேட்டார். மச்சாள் கட்டிலில் உட்கார்ந்து நீண்ட நேரம் விளக்கினார். மாமி முழுவதையும் கேட்டுவிட்டு, "வானத்தைப் பாக்க ஏன் வள்ளம்?" என்றார். ஏரியின் நடுவில் மரமும் மறைக்காது, வீதி விளக்கும் இராது என்று நான் சொன்னேன். மாமி திருப்தியடையவில்லை.

மச்சாளைக் கூட்டிக்கொண்டு போவதாக என் கணவர் சொன்னார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. கார் ஓட்டவும் ஆள் வேண்டும். மச்சாள் மறுத்துவிட்டார். "பிள்ளை வரட்டும். பிள்ளையும் ஓடுவாதானே. நீ அம்மாவோட நில்." கணவர் என்னைப் பார்த்தார். தாய்க்கு உடுப்பு மாற்றுவது, துடைப்பது எல்லாம் பெண்கள் பாடு என்று அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த வேலைகள் நடக்கும்போது அறையில் இல்லாமல் இருந்தார், அவ்வளவுதான். "நான் தனியவோ?" என்றார். "ஒரு நாள்தானே தம்பி," என்றார் மச்சாள்.

வழி நெடுக மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. லோரன்சியன் மலைகளைக் கடந்துகொண்டிருந்தோம். கணவரிடமிருந்து முதல் அழைப்பு வந்தது: மாமிக்குப் புரையேறாமல் தண்ணீரைத் தடிப்பாக்கும் மா எங்கே இருக்கிறது? அடுத்த அழைப்பு: மாமியை எந்தப் பக்கம் திருப்புவது? மூன்றாவதில் மாமி பின்னால் சத்தம் போடுவது கேட்டது. நான் பதறினேன். மச்சாள் அமைதியாகப் பதில் சொல்லிவிட்டு, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். அந்த அமைதி எனக்கு விசித்திரமாக இருந்தது. மாமி இருமினாலே ஓடுகிறவர் அவர்.

கைபேசிகள் அணைந்து, இருட்டில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் மச்சாள் சொன்னார்.

"நான் வடக்க வேலைக்குப் போறன். நத்தார்ப் பண்டிகை முடியப் போறன்."

எனக்கு விளங்கவில்லை. "இந்த ஊருக்கோ?" என்றேன்.

"இதைவிட வடக்க. ரோட்டே இல்லை, பிளேனிலதான் போகலாம். இனுயிட் எண்ட பழங்குடிச் சனத்தின்ர ஊர். அங்க காப்பகத்தில பிரெஞ்சும் தெரிஞ்ச ஆக்கள் காணாதாம். ரெண்டு வருசம். ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப மாமி?"

"அம்மாக்கு என்ன? அவன் இருக்கிறான். நீர் இருக்கிறீர்."

எனக்குள் கோபம் குபீரென்று ஏறியது. நான் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றபடி மருந்துப் பெட்டிகள் அடுக்குகிறவள். இரண்டு பிள்ளைகள். அந்தக் கட்டில், அந்தக் கஞ்சி, அந்த விடியற்காலைகள் எல்லாம் ஒரே கணத்தில் என் தலையில் இறங்குவதுபோல் இருந்தது. "இதைச் சொல்லத்தானோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்கவேண்டும். முன்னால் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கும்தான். தம்பி தனிய ஒரு நாள் அம்மாவைப் பாத்தாத்தான் தன்னால ஏலும் எண்டு அவனுக்குத் தெரியும். நான் பக்கத்தில நிண்டா அவன் பழகமாட்டான்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "பிள்ளை, மன்னாரில இருந்து கொழும்புக்கு அப்பா கூட்டிக்கொண்டு வந்தவர். கொழும்பில இருந்து இஞ்ச தம்பி கூப்பிட்டவன். என்னை எல்லா இடத்துக்கும் ஆரோ கொண்டுவந்து விட்டவை. நானா ஒரு இடத்துக்குப் போகேல்லை. ஒருக்காப் போகவேணும்."

நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படித் திரும்பியதால்தான் அதை நான் முதலில் பார்த்தேன். வடக்கே மரவரிசைக்கு மேல் வெளிறிய ஒரு முகில் போல ஏதோ நின்றது. முகில் என்றே நினைத்தேன். அது மெல்ல அகன்று ஒரு பட்டையாகி, பட்டை நடுவில் மடிந்து, மடிந்த இடத்திலிருந்து பச்சை நிறம் கசியத் தொடங்கியது. படகை ஓட்டிய பெண் "வொலா," அதாவது "இதோ," என்று மெதுவாகச் சொன்னாள். அதன்பிறகு அது நிற்கவில்லை. கம்பிகளாக எழுந்து, பக்கவாட்டில் ஓடி, உச்சிவரை வந்து, ஓரங்களில் இளஞ்சிவப்பாகி ஒடுங்கி மறுபடியும் எழுந்தது. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய ஒன்று அசையும்போது ஏதாவது கேட்கவேண்டும் என்று காது எதிர்பார்த்துக்கொண்டேயிருந்தது. தண்ணீரிலும் அதே பச்சை. படகுக்கு மேலும் கீழும் வானம். அதைப் பார்த்தவர்கள் அழுதார்கள், வேண்டினார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அதைக் கோபத்தோடு பார்த்தேன். கண்ணை எடுக்கமுடியவில்லை, கோபமும் போகவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன. மச்சாள் வாயைத் திறந்தபடி அண்ணாந்திருந்தார். அந்த வெளிச்சத்தில் அவருடைய முகம் தெரிந்தது. ஒருவருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்காமல், எதையும் துடைக்காமல், சும்மா இருந்த அவரை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை.

கரைக்கு வந்து கைபேசியைத் திறந்தபோது புதிதாகத் தவறிய அழைப்புகள் எதுவும் இல்லை. கணவரிடமிருந்து ஒரேயொரு செய்தி: "அம்மா சாப்பிட்டா. படுத்திட்டா." மச்சாள் அதை வாங்கி இரண்டு முறை வாசித்தார்.

வீட்டில் சொன்னபோது பெரிய சண்டை வந்தது. "சனம் என்ன சொல்லும்? தாயை விட்டிட்டுப் பனிக்குள்ள போனவ எண்டு கதைக்காதோ?" என்றார் கணவர். "சனம் வந்து அம்மாவைத் துடைக்கிறேல்லை, தம்பி," என்றார் மச்சாள். நான் கணவரின் பக்கம் நிற்பேன் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள். என் கோபம் ஆறியிருக்கவில்லை. ஆனாலும் படகில் பார்த்த அந்த முகத்துக்கு எதிராக ஒரு சொல் சொல்ல எனக்கு நா எழவில்லை. "அவ போகட்டும்," என்றேன். "நாங்கள் மாறி மாறிப் பாப்பம். நீங்களும்தான்." கணவர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் மாமிக்குக் கரைத்துக் கொடுக்கும் பிஸ்கோத்துப் பெட்டி இருந்தது. அவர் சம்மதித்தார் என்பதற்கு அதைவிட வேறு பேச்சு வரவில்லை.

மாமிதான் எல்லோரையும் கலக்கினார். மச்சாள் அவரிடமும் சொன்னார். அன்று இரவு மச்சாள் கஞ்சியோடு போனபோது மாமி வாயை இறுக மூடிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. மகன் கொடுத்தால் குடித்தார். நான் கொடுத்தால் குடித்தார். மச்சாளின் கை கிட்ட வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மச்சாள் குசினிக்குள் நின்று சத்தமில்லாமல் அழுததை நான் கண்டிருக்கிறேன். "அம்மாக்கு என்னில கோவம்," என்பார். போகாமல் விட்டுவிடுவாரோ என்று எனக்கே பயமாக இருந்தது. ஆனால் போவதாகச் சொன்ன வார்த்தையை அவர் மாற்றவில்லை.

புறப்பட்ட காலை கட்டிலடியில் முழங்காலில் நின்று, "அம்மா, போட்டு வாறன்," என்றார்.  மாமி வலக்கையால் அவருடைய நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு, குழறிய நாக்கால், "குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கினியோ?" என்று கேட்டார்.

இப்போது மச்சாள் போய் மூன்றாவது குளிர்காலம். இரண்டு வருடம் முடிந்ததும் வருவார் என்று கணவர் கீழ் வீட்டு அறைக்கு வெள்ளை அடித்து வைத்தார். மச்சாள் வந்தார், ஒரு மாதம் நின்றார், திரும்பிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைக்கும்போது, "இண்டைக்கு வெளிச்சம் வந்ததோ?" என்று நான் கேட்பேன். "வந்துதாம். நான் பிள்ளையளின்ர உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டனான். பேந்து பாப்பம்," என்பார். இங்கே கணவர் காலையில் தாயைத் துடைக்கிறார். இன்னும் முணுமுணுக்கிறார், செய்கிறார். எனக்கு வேலை கூடித்தான் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது பொய். சில பின்னேரங்களில் மச்சாள்மேல் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலோடுதான் அவரை நான் நேசிக்கிறேன் என்று நினைக்கிறேன்.

போன கிழமை மாமிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, நெடுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "மாமி, அப்ப ஏன் மச்சாளின்ர கையால ஒண்டும் வாங்கேல்லை? அவவில அவ்வளவு கோவமோ?"

மாமி மெல்ல விழுங்கினார். ஒவ்வொரு சொல்லாக, எச்சில் வழிய, சொன்னார்.

"கோவமோ? இல்லைப் பிள்ளை. அவளின்ர கையால திண்டுகொண்டிருந்தா அவள் போகமாட்டாள்."

நான் கரண்டியைப் பிடித்தபடி இருந்துவிட்டேன். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. மாமி என்னைப் பார்த்தார். பிறகு கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.