அக்காவின் முகத்துக்குக் கூட்டிய வெளிச்சம்

என் மேசை இழுப்பறையில் நான்கு படங்கள் கொண்ட ஒரு நெகட்டிவ் துண்டு இருக்கிறது. மூன்றாவதில் அக்கா. கூந்தல் வெள்ளை, பற்கள் கருப்பு. நல்ல கருப்பான அவள் முகம் வெளிறித் தெரிகிறது.

கிள்ளானில் ஒரு போட்டோ கடையில் எட்டு ஆண்டுகள் பிரிண்ட் போடும் இயந்திரத்தில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க நெகட்டிவையே பார்த்துப் பார்த்து, வெளியே வந்தாலும் கண்ணுக்கு அதே பழக்கம்தான். பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை கருப்பாகத் தோன்றும். பாசாரில் காய்கறி வாங்கும்போது எதிரே வரும் முகங்களைக் கண்டதும், இவருக்கு ஒரு தடவை, அவருக்கு இரண்டு தடவை என்று விரல் தானாக அசையும். வெளிச்சம் கூட்டும் பொத்தானை அத்தனை தடவை அழுத்த வேண்டும். படத்தில் சிவப்பாக வந்தால்தான் நம் ஆட்கள் மறுபடி கடைக்கு வருவார்கள் என்பார் முதலாளி.

அக்காவுக்கு மாப்பிள்ளை தேடியபோது அவள் படத்துக்கும் இரண்டு தடவை அழுத்தினேன். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்த பையனின் அம்மா, படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேநீரைத் தொடாமலே எழுந்து போனார். அக்கா அழவில்லை. குவளைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இனிமே என்னைய வெள்ளையாக்காதடா. வர்றவன் என்னையத்தானே பாக்கணும்." அடுத்த படத்தை உள்ளபடியே போட்டேன். அதைப் பார்த்து வந்தவர்தான் அத்தான்.

அவள் மாரடைப்பில் போன அன்று, சவப்பெட்டி அருகே வைக்கப் படம் வேண்டும் என்றார் அத்தான். கடைக்குப் போய் இந்த நெகட்டிவை வைத்தேன். மனம் மரத்திருந்தது, கை மட்டும் வேலை செய்தது. இரண்டு தடவை அழுத்தியிருக்கிறேன் என்பது படத்தை வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. "இது அம்மா இல்ல, மாமா. அம்மா கருப்பு," என்றாள். நாளைக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். அந்த முகத்தை மறுபடி இயந்திரத்தில் வைக்க என்னால் முடியவில்லை. பிறகு கடையையும் மூடிவிட்டார்கள்.

போன மாதம் ஸ்ரீ கெம்பாங்கானில் அத்தான் வீட்டுக்கு அந்த மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் இன்னும் அதே படம். மாப்பிள்ளையின் அம்மா அதை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா நல்ல சிவப்பு லா. பொண்ணு அந்தக் கலர் இல்லையே."

மருமகள் சிரித்தாள். "ஆமா ஆன்டி. நான் அப்பா மாதிரி."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பழகிய கண்ணுக்கு அக்காவின் கருப்பு முகம் உடனே தெரிந்தது. தெரிந்ததும், ஆள்காட்டி விரல் இரண்டு தடவை அசைந்தது.